ஊகம் வேண்டாம்: கணினியில் தர்க்கப் புதிர் ஆடப் புதிதாக வருபவர்களுக்கு

மைன்ஸ்வீப்பரில் கடைசியாக இரண்டு கட்டம் மிச்சம். ஒன்றில் கண்ணிவெடி இருக்கிறது, எதில் என்று சொல்ல எந்தத் துப்பும் இல்லை. ஒன்றைத் தொடுகிறீர்கள், வெடிக்கிறது. இருபது நிமிட உழைப்பு போயிற்று. ‘இதெல்லாம் அதிர்ஷ்ட விளையாட்டு’ என்று பலர் மூடிவைப்பது இந்த இடத்தில்தான். புதிர் சரியாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் அந்த நிலையே வராது. அப்படித் தயாரித்துத் தருகிற ஒரு இலவசத் தொகுப்பு இருக்கிறது: சைமன் டாத்தமின் போர்ட்டபிள் பஸில் கலெக்ஷன். தொலைவிலுள்ள கணினியோடு இணைய உதவும் பட்டி (PuTTY) மென்பொருளை எழுதிய அதே ஆள்தான். சுடோகு, மைன்ஸ்வீப்பர், நோனோகிராம், ஸ்லிதர்லிங்க் என்று நாற்பது வாக்கில் விளையாட்டுகள் அதில் உண்டு. எங்கே தொடங்குவது, எந்த அளவைத் தேர்வது, முதல் கட்டத்தை எப்படி உடைப்பது, எங்கே வழுக்கும் என்பவை மட்டும் இங்கே.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

செலவு ஒன்றுமில்லை. எம்ஐடி உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள். பதிவு செய்ய வேண்டாம், மின்னஞ்சல் கேட்காது, நடுவில் விளம்பரம் வராது. பத்து வருடப் பழைய கணினியிலும் ஓடும்.

உண்மையில் தேவைப்படும் ஒரே பொருள் வலது பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும் மவுஸ். கேலியாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் புதிர்களில் பாதி வேலை வலது கிளிக்கில்தான் நடக்கிறது: ‘இங்கே இல்லை’ என்று குறிக்க அதுதான் வழி. மடிக்கணினி டச்பேடில் இரண்டு விரலால் தட்டி வலது கிளிக் செய்யலாம். ஆனால் பதினைந்து கட்டத்தை ஒரே இழுப்பில் குறிக்க அதில் உயிர் போகும். முந்நூறு ரூபாய் மவுஸ் போதும்.

2. எங்கிருந்து எடுப்பது

பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். அசல் பக்கத்தின் முகவரியில் ‘கிரீன்எண்ட்’ என்ற சொல் இருக்கும். அங்கே ஒவ்வொரு விளையாட்டையும் பிரவுசரிலேயே ஆடலாம், எதையும் நிறுவ வேண்டாம். முதல் வாரம் இப்படியே ஆடிப் பாருங்கள்.

பிடித்துப்போனால் விண்டோஸுக்கு மொத்தமாக நிறுவும் கோப்பும் உண்டு, விளையாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி நிரலும் உண்டு. அலுவலகக் கணினியில் நிறுவும் அனுமதி இல்லாதவர்களுக்கு இரண்டாவது வசதி. உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் மென்பொருள் களஞ்சியத்தில் ‘எஸ்ஜிடி-பஸில்ஸ்’ என்று தேடினால் கிடைக்கும். ஆண்ட்ராய்டுக்கு கிறிஸ் பாயில் மாற்றியமைத்த செயலி பிளே ஸ்டோரிலும் எஃப்-டிராய்ட் என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்திலும் இருக்கிறது, அதுவும் விளம்பரமில்லாதது. போனில் வலது கிளிக்குக்குப் பதில் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் போனைத் தவிர்ப்பது நல்லது. பத்துக்குப் பத்து கட்டத்தில் விரல் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டுவிடும், பிறகு பிழை உங்கள் தர்க்கத்திலா விரலிலா என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

இங்கே ஒரு பொறி. ஆப் ஸ்டோர்களில் ‘லாஜிக் பஸில்’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றில் பல ‘ஹின்ட்’ விற்பதற்காகவே செய்யப்பட்டவை. ஒரே விடைதான் உண்டு என்ற உறுதி இல்லாத புதிரில் எவ்வளவு யோசித்தாலும் ஓரிடத்தில் ஊகித்தே ஆக வேண்டும். அங்கே பழகினால் ஊகிக்கும் கெட்ட பழக்கம்தான் மிஞ்சும்.

3. கையில் இருக்க வேண்டிய விசைகள்

‘யு’ அடித்தால் ஒரு படி பின்னே போகும், ‘ஆர்’ அடித்தால் முன்னே வரும், ‘என்’ அடித்தால் புதுப் புதிர். எல்லா விளையாட்டிலும் இதேதான். பின்னே போவதற்கு எல்லை இல்லை, முதல் கிளிக் வரை போகலாம்.

இந்தச் சலுகையே புதியவர்களைக் கெடுக்கிறது. ‘போட்டுப் பார்ப்போம், தப்பென்றால் யு அடித்துக்கொள்ளலாம்’ என்று மனம் சொல்லும். அப்படித் தீர்த்த பத்துப் புதிர் பதினொன்றாவதற்கு உதவாது. ஒவ்வொரு கிளிக்குக்கு முன்பும் ‘ஏன் இது இப்படித்தான் இருந்தாக வேண்டும்?’ என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். ‘யு’ கை தவறிப்போனதற்கு மட்டும்.

அடுத்தது சிவப்பு நிறம். விதி மீறப்பட்டால் பெரும்பாலான விளையாட்டுகள் அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும்: சுடோகுவில் ஒரே வரிசையில் இரண்டு 7, ‘லைட் அப்’ விளையாட்டில் இரண்டு விளக்குகள் ஒன்றையொன்று பார்ப்பது, இப்படி. ஆனால் சிவப்பு வரவில்லை என்பதற்காக நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது. இன்னும் மோதவில்லை, அவ்வளவே. நாலாவது நகர்வில் செய்த பிழை நாற்பதாவது நகர்வில்தான் சிவக்கும்.

4. அளவும் கடினமும்: அதிகம் பேர் வழுக்கும் இடம்

மேலே ‘டைப்’ என்ற பட்டியலில் அளவும் கடினமும் இருக்கும். எடுத்த எடுப்பில் பெரியதைத் தொடாதீர்கள். பெரிய கட்டம் என்றால் கடினம் என்று அர்த்தமில்லை. ஆனால் பிழை எங்கே நடந்தது என்று தேடும் நேரம் பல மடங்காகும்.

பெயர்களைக் கவனியுங்கள். சுடோகுவுக்கு இங்கே ‘சோலோ’ என்று பெயர். அதில் ட்ரிவியல், பேசிக், இன்டர்மீடியேட், அட்வான்ஸ்டு, எக்ஸ்ட்ரீம், அன்ரீசனபிள் என்று ஆறு படி. கடைசிப் படிக்கு நியாயமற்றது என்று பெயர் வைத்தது வேடிக்கைக்காக அல்ல. அதில் மட்டும் ஒன்றை வைத்துப் பார்த்து, முரண்பட்டால் திரும்பி வரும் வேலை தேவைப்படலாம். ‘லைட் அப்’ விளையாட்டின் ‘ஹார்டு’ நிலையும் அப்படியே. இந்த இரண்டையும் தவிர்த்தால், கீழே பேசப்போகும் ஐந்து விளையாட்டிலும் ஊகமில்லாமல் முடிக்கலாம்.

தொடங்க ஏற்ற அளவுகள்: மைன்ஸ் 9க்கு 9, 10 கண்ணி. பேட்டர்ன் 10க்கு 10. லைட் அப் 7க்கு 7 ஈஸி. லூப்பி 7க்கு 7 ஈஸி. சோலோ 3க்கு 3 ட்ரிவியல், அதாவது வழக்கமான ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். முதல் சில நாள் ஒவ்வொன்றுக்கும் கால் மணியிலிருந்து அரை மணி ஆகலாம். பழகியபின் மைன்ஸ் ஓரிரு நிமிடம், பேட்டர்ன் ஐந்து நிமிடம்.

உதவி தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். இந்தத் தொகுப்பில் உள்ள பெயர்கள் வேறு, உலகத்தில் புழங்கும் பெயர்கள் வேறு. லூப்பி என்றால் ஸ்லிதர்லிங்க், பேட்டர்ன் என்றால் நோனோகிராம், லைட் அப் என்றால் அகாரி, பிரிட்ஜஸ் என்றால் ஹாஷிவோகாகேரோ, சிங்கிள்ஸ் என்றால் ஹிட்டோரி. தீர்க்கும் உத்திகளைத் தேடும்போது இரண்டாவது பெயரைப் போடுங்கள்.

5. மைன்ஸ்: கழித்தல் கணக்கு

இடது கிளிக் கட்டத்தைத் திறக்கும், வலது கிளிக் கொடி நடும். ஒரு எண் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் எத்தனை கண்ணி என்று சொல்லும். முதல் கிளிக் எப்போதும் பத்திரம். அதன்பின் முழுப் பலகையையும் யோசித்தே முடிக்கலாம் என்பதை நிரல் உறுதி செய்துவிட்டுத்தான் தருகிறது. டைப் பட்டியலில் ‘கஸ்டம்’ போனால் ‘என்ஷ்யூர் சால்யுபிலிட்டி’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அணைக்காதீர்கள். அணைத்தால் முதலில் சொன்ன ஐம்பதுக்கு ஐம்பது நிலைமை திரும்பி வரும்.

உத்தி ஒன்றே ஒன்று. அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுங்கள். ஒன்றின் மூடிய கட்டங்கள் எல்லாம் மற்றதன் மூடிய கட்டங்களுக்குள் அடங்குகின்றனவா? அடங்கினால் கழியுங்கள்.

பலகையின் இடது ஓரத்தில், திறந்த வரிசையில் முதல் எண் 1, இரண்டாவது எண்ணும் 1 என்று வையுங்கள். மேல் வரிசை மட்டும் மூடியிருக்கிறது. முதல் 1 தொடுவது மேலே உள்ள 1, 2 ஆகிய கட்டங்களை. இரண்டாவது 1 தொடுவது 1, 2, 3. முதல் இரண்டில் ஒரு கண்ணி இருந்தே தீர வேண்டும், இரண்டாவது எண்ணின் கணக்கு அதிலேயே முடிந்துபோனது. ஆகவே மூன்றாவது கட்டம் பத்திரம், திறக்கலாம். இரண்டாவது எண் 2 ஆக இருந்திருந்தால் மூன்றாவது கட்டம் கண்ணி.

நேரான சுவரில் 1-2-1 வந்தால் கண்ணிகள் இரண்டு 1-களுக்கும் நேர் மேலே, 2-க்கு மேலே காலி. மனப்பாடம் வேண்டாம், காரணம் எளிது. 2-க்கு நேர் மேலே கண்ணி இருந்தால் இருபுறத்து 1-களும் அதோடு நிறைந்துவிடும், 2-க்குத் தேவையான இன்னொரு கண்ணியை வைக்க இடமே இருக்காது. இதே யோசனையில் 1-2-2-1 வந்தால் கண்ணிகள் 2-களுக்கு மேலே.

பார்த்தவுடன் தெரியாமல் போவதற்குக் காரணம், ஏற்கெனவே கொடி நட்ட கண்ணியைக் கழிக்க மறப்பது. பக்கத்தில் ஒரு கொடி இருக்கும் 3 உண்மையில் 2. இரண்டு கொடி உள்ள 3 உண்மையில் 1. எண்ணைப் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள்.

எண்ணுக்கு உரிய கொடிகளை நட்டபின் அந்த எண்ணின் மீதே இடது கிளிக் செய்தால் சுற்றியுள்ள மற்ற கட்டங்கள் எல்லாம் ஒரேயடியாகத் திறக்கும். வேகம் கூடும். ஒரு கொடி தப்பான இடத்தில் இருந்தால் அதே வேகத்தில் வெடிக்கும். வெடித்தாலும் ‘யு’ அடித்துத் தொடரலாம், ஆனால் எத்தனை முறை செத்தீர்கள் என்று கீழ்ப் பட்டையில் கணக்கு நிற்கும், அழியாது.

கடைசியில் மாட்டிக்கொண்டால் அந்தக் கீழ்ப் பட்டையையே பாருங்கள். மொத்தக் கண்ணி எத்தனை, கொடி எத்தனை என்று இருக்கும். மிச்சம் ஒரே கண்ணி, அது எங்கே இருந்தாக வேண்டும் என்று தெரிந்தால் மற்ற மூலையில் மூடிக்கிடக்கும் கட்டம் எல்லாம் பத்திரம். மொத்த எண்ணிக்கையும் ஒரு துப்புதான், பலர் அதை மறந்துவிட்டு ஊகிக்கப் போகிறார்கள்.

6. பேட்டர்ன்: உபரி எவ்வளவு என்று பாருங்கள்

வரிசைக்கும் நிரலுக்கும் (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசை) வெளியே எண்கள் இருக்கும். ‘3 4’ என்றால் அந்த வரிசையில் தொடர்ந்து மூன்று கறுப்பு, குறைந்தது ஒரு வெள்ளை இடைவெளி, பிறகு நான்கு கறுப்பு. இடது கிளிக் கறுப்பு, வலது கிளிக் வெள்ளை. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் மறுபடி சாம்பல். பிடித்து இழுத்தால் முழு நீளமும் நிறமாகும்.

கணக்கு இது. எண்களைக் கூட்டுங்கள், இடைவெளிகளைச் சேருங்கள், பலகையின் அகலத்திலிருந்து கழியுங்கள். வருவது உபரி. பத்துக் கட்ட வரிசையில் ‘7’ மட்டும் என்றால் உபரி 3. உபரியைவிடப் பெரிய எண் எதுவோ, அதில் உபரியைக் கழித்த அளவு கட்டங்கள் நிச்சயம் கறுப்பு: 7 − 3 = 4. நடு நான்கு கட்டம், அதாவது 4 முதல் 7 வரை. இடது ஓரத்தில் ஒட்டி வைத்தாலும் வலது ஓரத்தில் ஒட்டி வைத்தாலும் இந்த நான்கும் மூடப்படும்.

‘3 4’ என்றால் 3 + 1 + 4 = 8, உபரி 2. மூன்றில் ஒரு கட்டம் நிச்சயம், நான்கில் இரண்டு கட்டம் நிச்சயம். எவை? இடதுபுறமாக நெருக்கி வைத்தால் 1–3, 5–8. வலதுபுறமாக நெருக்கினால் 3–5, 7–10. பொதுவாக வருவது கட்டம் 3, பிறகு 7, 8. இதை மட்டும் கறுப்பாக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். இடைவெளியைச் சேர்க்க மறந்தால் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். இந்த விளையாட்டில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி இதுதான்.

உபரி குறைந்த வரிசையிலிருந்து தொடங்குங்கள். எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று, எல்லா நிரல்களையும் ஒரு சுற்று என்று மாறி மாறிப் போனால் போதும்.

கறுப்பை மட்டும் போட்டுக்கொண்டே போகிறவர்கள் பாதியில் நிற்பார்கள். வெள்ளையும் அதே அளவு முக்கியம். வரிசையின் ஒரே எண் 3, ஐந்தாவது கட்டம் ஏற்கெனவே கறுப்பு என்றால், அந்தக் கூட்டம் 3-லிருந்து 7-க்குள்தான் எட்டும். 1, 2, 8, 9, 10 வெள்ளை என்று உடனே வலது கிளிக்கால் இழுத்துவிடுங்கள். அந்த ஐந்து வெள்ளையும் ஐந்து நிரல்களுக்குத் துப்பு.

இங்கே வரும் புதிர்கள் பூனை, வீடு போன்ற படமாக முடியாது, மேகத் திட்டு போலத்தான் இருக்கும். ‘இது காது போலிருக்கிறது, இங்கே கறுப்பாக இருக்கும்’ என்று படத்தைப் பார்த்து ஊகிக்கும் வாய்ப்பு இல்லாமல் போவது கற்றுக்கொள்கிறவர்களுக்கு லாபம்.

7. லைட் அப்: புள்ளிதான் பாதி வேலை

வெள்ளைக் கட்டங்களில் விளக்கு வைக்க வேண்டும். விளக்கின் ஒளி நான்கு திசையிலும் கறுப்புக் கட்டம் மறிக்கும்வரை போகும். எல்லா வெள்ளைக் கட்டமும் ஒளி பெற வேண்டும், எந்த விளக்கின் மீதும் இன்னொரு விளக்கின் ஒளி படக் கூடாது. கறுப்புக் கட்டத்தில் உள்ள எண், அதன் நான்கு பக்கங்களில் எத்தனை விளக்கு என்று சொல்லும். மூலைவிட்டக் கட்டங்கள் கணக்கில் வராது.

உடனே தெரிபவை: 4 என்றால் நான்கு பக்கமும் விளக்கு, ஓரத்தில் உள்ள 3, மூலையில் உள்ள 2 ஆகியவற்றுக்கும் இருக்கிற பக்கமெல்லாம் விளக்கு. 0 என்றால் சுற்றிலும் வலது கிளிக் செய்து புள்ளி.

பலருக்குத் தெரியாத அடுத்த படி: நடுவில் உள்ள 3-க்கு மூலைவிட்டத்தில் உள்ள கட்டங்களில் விளக்கு வைக்கவே முடியாது. வைத்தால் 3-ஐ ஒட்டிய இரண்டு கட்டங்களில் ஒளி பட்டுவிடும், அங்கே விளக்கு வைக்க முடியாது, மிச்சம் இரண்டு பக்கத்தில் மூன்று விளக்கு எப்படி வரும்? அதே காரணத்தால் ஓரத்தில் உள்ள 2, மூலையில் உள்ள 1 ஆகியவற்றின் மூலைவிட்டமும் புள்ளி. எண்ணைவிட ஒன்றே ஒன்று கூடுதலாகத் திறந்த பக்கம் உள்ள எந்தக் கறுப்புக் கட்டத்திலும், திறந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே உள்ள மூலைவிட்டத்துக்கு இது பொருந்தும்.

எண்கள் தீர்ந்தபின் புள்ளி வைத்த கட்டங்களைப் பாருங்கள். அங்கே விளக்கு இல்லை, ஆனால் ஒளி வந்தாக வேண்டும். அந்தக் கட்டத்திலிருந்து நான்கு திசையிலும் கறுப்பு வரை போய்ப் பாருங்கள். விளக்கு வைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று என்றால் விளக்கு அங்கேதான். புள்ளி வைக்காமல் ஆடினால் இந்தப் படி கண்ணுக்கே தெரியாது.

8. லூப்பி: இதில்தான் நேரம் போகும்

தொகுப்பிலேயே ஆழமான விளையாட்டு என்று இதைச் சொல்லலாம். புள்ளிகளை இணைத்து ஒரே ஒரு மூடிய வளையம் வரைய வேண்டும். வளையம் எங்கும் குறுக்கே வெட்டக் கூடாது, கிளைக்கக் கூடாது. கட்டத்துக்குள் உள்ள எண், அதன் நான்கு பக்கங்களில் எத்தனை பக்கம் கோடு என்று சொல்லும். முதலில் எல்லாப் பக்கமும் மஞ்சளாக இருக்கும். இடது கிளிக் செய்தால் கறுப்புக் கோடு. வலது கிளிக் செய்தால் ‘இங்கே கோடு இல்லை’ என்று மங்கிப்போகும்.

முதல் விதி புள்ளியைப் பற்றியது. எந்தப் புள்ளியிலும் கோடு இரண்டு சேரும், அல்லது ஒன்றும் சேராது. ஒன்று வந்து நின்றுபோக முடியாது, மூன்று சேரவும் முடியாது. இதை மறந்துவிட்டு எண்களை மட்டும் பார்த்தால் பத்து நிமிடத்தில் தேங்கிவிடுவீர்கள்.

மூலைகளிலிருந்து தொடங்குங்கள்.
• மூலையில் 3: மூலைப் புள்ளியின் இரண்டு பக்கமும் கோடு. இரண்டும் இல்லையென்றால் 3 கிடைக்காது.
• மூலையில் 1: அந்த இரண்டு பக்கமும் இல்லை. மூலைப் புள்ளியில் ஒன்று வந்தால் மற்றதும் வரும், அப்போது 2 ஆகிவிடும்.
• மூலையில் 2: அந்தக் கட்டத்தைப் பற்றி உடனே ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஓரத்தோடு அடுத்து வரும் பக்கம், இரண்டு திசையிலும், நிச்சயம் கோடு. வளையம் மூலையைச் சுற்றி வந்தாலும் உள்பக்கமாக வந்தாலும் ஓரத்தில் அந்த இடத்தைத் தொட்டே போகும். இரண்டையும் காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

0-வும் 3-உம் அடுத்தடுத்து வந்தால் விருந்து. 0-வின் பக்கங்கள் போனதும் 3-க்கு மீதமுள்ள மூன்று பக்கமும் கோடு. அந்தக் கோடு பொதுப்பக்கத்தின் இரு முனையிலும் வந்து நிற்கும். அங்கே 0-வின் பக்கம் போக வழியில்லை, பொதுப்பக்கமும் இல்லை, ஆகவே பொதுப்பக்கத்தின் நேர்க்கோட்டில் வெளிநோக்கித் திரும்பியாக வேண்டும். ஒரே இடத்தில் ஐந்து கோடு கிடைத்தது.

இரண்டு 3 ஒட்டி வந்தால் மூன்று இணைகோடுகள்: நடுப் பொதுப்பக்கம், இருபுறத்து வெளிப்பக்கங்கள். பொதுப்பக்கம் இல்லையென்றால் இரண்டு 3-ஐயும் சுற்றி ஆறு கோடு சேர்ந்து குட்டி வளையமாக மூடிவிடும், பலகையில் மற்ற எண்களுக்குக் கோடு கிடைக்காது. இடது 3-இன் வெளிப்பக்கம் இல்லையென்றால் அதன் மேல், கீழ், பொதுப்பக்கம் மூன்றும் கோடு. பொதுப்பக்கத்தின் இரு முனையும் நிறைந்துபோகும், வலது 3-க்கு மேலும் கீழும் கோடு வர வழியில்லை. ஆக மூன்றும் உறுதி. கூடவே பொதுப்பக்கத்தை மேலேயும் கீழேயும் நீட்டினால் வரும் பக்கங்களை வலது கிளிக்கால் நீக்கிவிடலாம், அந்த முனைகளில் இரண்டு கோடு எப்படியும் சேர்ந்துவிடும்.

வளையம் சீக்கிரம் மூடிக்கொள்ளக் கூடாது என்பது கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும். நீண்ட கோட்டின் இரு முனைகள் எதிரெதிரே, நடுவில் ஒரே பக்கம் பாக்கி. பலகையில் வேறு இடத்தில் கோடு மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கம் கோடு இல்லை. ஈஸி நிலையில்கூட இது தேவைப்படலாம். தேங்கி நிற்கும்போதெல்லாம் முனைகளை விரலால் தடவி எது எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள்.

சதுரக் கட்டம் பழகும் வரை தேன்கூடு, பென்ரோஸ் போன்ற சதுரமல்லாத வகைகளைத் தொடாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன மூலை விதிகள் அங்கே அப்படியே செல்லாது.

9. சோலோ

நாளிதழில் சுடோகு போடுகிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கட்டத்தை இடது கிளிக் செய்து எண்ணை அடித்தால் விடை, வலது கிளிக் செய்து அடித்தால் மூலையில் சிறிய பென்சில் குறி. ‘எம்’ அடித்தால் காலியான எல்லாக் கட்டத்திலும் எல்லாப் பென்சில் குறியும் நிரம்பும்.

பொறி இரண்டு. ‘எம்’ விசையை ஆரம்பத்திலேயே அடித்தால் பலகை எறும்புப் புற்றாகிவிடும். முதலில் ஒவ்வொரு எண்ணாக எடுத்து, இந்தப் பெட்டியில் 5 வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றா என்று வெறுங்கண்ணால் தேடுங்கள். ட்ரிவியல் நிலை அதிலேயே முடிந்துவிடும். இரண்டாவது பொறி, நீங்கள் 5 வைத்தபின் அதே வரிசையிலுள்ள பென்சில் 5-கள் தானாக அழியாது. நீங்கள்தான் நீக்க வேண்டும். சில செயலிகள் தானே அழித்துவிடும் என்பதால் அங்கே பழகியவர்கள் இங்கே பழைய குறியை நம்பித் தப்புச் செய்கிறார்கள்.

10. சிக்கிக்கொண்டால்

முதலில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கேலி இல்லை, பாதி நேரம் அதுவே போதும்.

அப்புறமும் நகரவில்லை, அல்லது சிவப்பு வந்து பிழை எங்கே என்று தெரியவில்லை என்றால் ‘சால்வ்’ என்று ஒன்று இருக்கிறது. அழுத்தினால் முழு விடையும் வந்துவிடும், ஆனால் அதுவும் ஒரு நகர்வாகத்தான் கணக்கு. ‘யு’ அடித்தால் உங்கள் நிலைக்குத் திரும்பலாம். ‘ஆர்’ அடித்தால் மறுபடி விடை. இரண்டுக்கும் மாறி மாறிப் போய், நீங்கள் வைத்ததில் எந்தக் கட்டம் மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு அந்தக் கட்டம் மறையும்வரை ‘யு’ அடித்துக்கொண்டே பின்னே போங்கள். அந்த இடத்தில் என்ன நினைத்து அதை வைத்தீர்கள் என்று யோசியுங்கள். பிழை இல்லாமல் வெறுமனே தேங்கியிருந்தால் விடையைப் பார்க்காதீர்கள், பார்த்தால் அந்தப் புதிர் செத்தது.

11. சேமிப்பதும் பகிர்வதும்

பிரவுசரில் ஆடுகிறவர்கள் கவனிக்க: தாவலை மூடினால் ஆட்டம் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘கேம்’ பட்டியலில் சேமிப்புக் கோப்பைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பில் உங்கள் நகர்வுகள் எல்லாம் அடங்கும், நாளை ஏற்றினாலும் ‘யு’ அடித்துப் பின்னே போகலாம்.

நண்பருக்கு அதே புதிரை அனுப்ப இரண்டு வழி. ஒன்று புதிரின் அடையாள எண், நடுவில் முக்காற்புள்ளி (:) இருக்கும். மற்றது அது பிறந்த விதை எண், நடுவில் ஹேஷ் குறி (#) இருக்கும். விதை எண் குட்டையாக இருப்பதால் பலர் அதையே அனுப்புகிறார்கள். நண்பரிடம் வேறு பதிப்பு இருந்தால் அதே விதையிலிருந்து வேறு புதிர் முளைக்கலாம். முக்காற்புள்ளி உள்ளதையே அனுப்புங்கள். மைன்ஸில் மட்டும் முதல் கிளிக் செய்தபின்தான் அந்த எண் உருவாகும், அதற்கு முன் தேடினால் கிடைக்காது.

கணினித் திரை ஆகாத பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அச்சிட்டுத் தரலாம். விண்டோஸ் பதிப்பில் ‘கேம்’ பட்டியலில் ‘பிரின்ட்’ போனால் ஒரு தாளில் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை, மொத்தம் எத்தனை புதிர், விடையும் வேண்டுமா என்று கேட்கும். ஏ4 தாளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு பேட்டர்ன் புதிர் நன்றாக அடங்கும். விடைகளைத் தனித் தாளில் எடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பான் வைத்த பென்சில் கொடுங்கள், பேனா வேண்டாம்.